அந்தப் பையன் ஏன் பொய் சொன்னான்? பதின்ம வயதுப் பிள்ளைகளோடு படம் பார்ப்பது பற்றி

கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டிலேயே மலாய்மொழியும் வரலாறும் டியூஷன் எடுக்கிறேன். இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றிலிருந்து ஐந்து வரை படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப்பேர் எங்கள் அடுக்குமாடியிலேயே இருப்பவர்கள். மீதிப்பேரை ஜாலான் ஈப்போ பக்கமிருந்து அப்பாக்கள் மோட்டாரில் கொண்டுவந்து விடுவார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாடம் கிடையாது, ஹாலில் பாய் விரித்துப் படம். அதுவும் கண்டபடம் இல்லை, அவர்கள் வயதுப் பிள்ளைகளைப் பற்றிய படம். எதைப் போடலாம், போட்டபிறகு என்ன பேசலாம் என்று பெற்றோர் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் முடிந்ததும் "இதிலிருந்து என்ன கத்துக்கிட்ட?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பெற்றோரை மதிக்க வேண்டும், கெட்ட சகவாசம் கூடாது என்று கட்டுரைத் தாளில் எழுதுகிற பதிலை ஒப்பித்துவிட்டு மைலோ குடிக்க எழுந்து போய்விடுவார்கள். "உனக்கும் இப்படி நடந்திருக்கா?" என்ற கேள்வி அதைவிட மோசம். கேட்ட நிமிஷமே வாய் பூட்டிக்கொள்ளும். படத்தில் வருகிற பையனைப் பற்றி மட்டும் கேளுங்கள். அவன் ஏன் அப்படிச் செய்தான், முதலில் பொய் சொன்னது யார், அந்த டீச்சருக்கு அன்று என்ன ஆயிற்று. திரையில் இருக்கிறவன் யாரோ ஒருத்தன் என்பதால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளைகள் பேச ஆரம்பிப்பது அந்தத் தைரியத்தில்தான்.

இதை நான் கண்ணால் பார்த்தது ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தில். பிரான்சுவா த்ரூஃபோ 1959இல் எடுத்த 'தி 400 ப்ளோஸ்'. கறுப்பு வெள்ளை, தெரியாத மொழி. போட்டவுடன் ஒரே முனகல். "டீச்சர், இது எங்க தாத்தாவே பார்க்காத படம்" என்றான் ஒருவன். அந்துவான் என்ற பையன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறான். சுற்றும்போது நடுத்தெருவில் தன் அம்மா வேறொரு ஆளோடு நிற்பதைப் பார்த்துவிடுகிறான். அம்மாவும் அவனைப் பார்த்துவிடுகிறாள். வீட்டில் அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. மறுநாள் ஏன் வரவில்லை என்று வாத்தியார் கேட்கும்போது, அம்மா செத்துவிட்டாள் என்று பொய் சொல்கிறான்.

இங்கே எல்லாப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கே வந்து, அப்பா வகுப்பின் முன்னால் அவனை அறைகிறபோது சிரிப்பு நின்றது. முடிந்தபிறகு நான் கேட்டது ஒன்றே ஒன்று: "காய்ச்சல்னு சொல்லியிருக்கலாமே, ஏன் இவ்வளவு பெரிய பொய்?" ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரிய பொய்யாக இருந்தால் வாத்தியார் மேலே கேட்க மாட்டார் என்றான் ஒருவன். அது சரிதான், வாத்தியார் உடனே இரக்கப்படவும் செய்கிறார். "பாட்டி செத்துட்டாங்கன்னா போதுமே, நாமெல்லாம் அதைத்தானே சொல்வோம்" என்றான் இன்னொருவன். படிவம் இரண்டில் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள், வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவள். அவள் சொன்னாள்: "அவன் முதல் நாள் தெருவுல பார்த்ததை யார்கிட்டயும் சொல்ல முடியாதுல்ல டீச்சர். அதான் அம்மாவையே இல்லாம ஆக்கிட்டான்." எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை. அவளிடம் வேறெதுவும் கேட்கவில்லை. "ம், இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவனைப் பார்த்தேன். அப்படி விட்டதால்தான் அடுத்த மாதமும் வாயைத் திறந்தாள்.

அதே படத்தில் பிற்பகுதியில் ஒரு காட்சி உண்டு. பையனைச் சீர்திருத்த இல்லத்தில் வைத்து ஓர் உளவியலாளர் கேள்வி கேட்கிறார். அவர் முகம் கடைசிவரை திரையில் வராது, குரல் மட்டும்தான். பையன் மட்டும் மேசையில் கையை வைத்துப் பிசைந்துகொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி சொல்கிறான். அந்தப் பதில்களில் பெரும்பகுதி நடித்த பையன் தானாகப் பேசியது, எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. வட்டமாக உட்கார வைத்துப் பேசுகிற வழக்கத்தை நான் விட்டது அதைப் பார்த்துத்தான். எதிரே ஒரு பெரியவர் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளைக்குப் பேச வரும்? நான் கறிபாப் எடுத்து வைத்துக்கொண்டோ, டம்ளர் கழுவிக்கொண்டோதான் கேட்பேன். விளக்கையும் உடனே போடுவதில்லை. காரில் கூட்டிப் போகிற பெற்றோருக்கு இது இன்னும் வசதி. ஜாலான் கூச்சிங் நெரிசலில் இரண்டு பேரும் முன்னால் பார்த்தபடி பேசலாம்.

நம் ஊர்ப் படம் என்றால் 'ஜகாட்'. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது, 2015 டிசம்பரில் வந்தது, அடுத்த வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்கில் குடிசை போட்டு வாழ்ந்த தொண்ணூறுகளின் ஆரம்பம்தான் கதைக்களம். அப்போய்க்குப் பன்னிரண்டு வயது. குறும்பன், மூளைக்காரன், பாடத்தில் மட்டும் மனம் ஒட்டாது. அப்பா மணியம் அவனை எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று அடிக்கிறார். இன்னொரு பக்கம் மெக்சிகோ என்று பெயரெடுத்த குண்டர் கும்பல் ஆள், பையனின் கண்ணுக்குப் பெரிய மனிதர்.

"நம்ம மாதிரியே பேசுறாங்க டீச்சர்" என்பதுதான் இந்தப் படத்துக்குக் கிடைக்கிற முதல் விமர்சனம். சென்னைத் தமிழும் மதுரைத் தமிழும் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டுப் பேச்சைத் திரையில் கேட்பது புதுசு. ஆனால் ஒன்று, பையன்களில் பாதிப்பேர் மெக்சிகோ கட்சி. "கெத்து" என்பார்கள். இங்கேதான் பெரியவர்களுக்குப் பதற்றம் வந்து பிரசங்கம் ஆரம்பமாகும். பிரசங்கம் செய்தால் மெக்சிகோ இன்னும் இரண்டு அங்குலம் உயர்ந்துவிடுவார். நான் கேட்டது, "சரி, அவர் பயப்படுற இடம் எது?" என்று. அவர் எங்கே பயந்தார் என்று சண்டை வந்தது. ஒருவன் ரிமோட்டை வாங்கிப் படத்தைப் பின்னால் ஓட்டினான். முகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். அன்றைக்குக் கெத்து என்ற பேச்சு கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன், போகாது.

இந்தப் படத்தில் பிள்ளைகளைவிட அப்பாக்கள்தான் அதிகம் ஆடிப்போகிறார்கள். அப்போய் வயதில் அதே மாதிரிக் குடிசையில் இருந்தவர்கள் இன்றைக்கு நாற்பதுகளில் இருக்கிறார்கள். மகனைக் கூட்டிப்போக வந்த ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கிரில் கதவோரம் நின்றவர், உள்ளே வாங்க என்றாலும் வராமல், கடைசிவரை அப்படியே நின்று பார்த்தார். மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "எங்கப்பா பெல்ட்டாலதான் டீச்சர்" என்றார்.

தமிழ்நாட்டுப் படங்களை ஒதுக்க முடியாது. பிள்ளைகள் போனில் பார்த்து முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். சின்னவர்களுக்குப் பாண்டிராஜின் 'பசங்க' (2009) போதும், நன்றாகவே ஓடும். அடுத்தடுத்த வீட்டு அப்பாக்களின் சண்டை பிள்ளைகளின் சண்டையோடு எப்படி முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்று படிவம் ஒன்று பிள்ளைகளே பிரித்துச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004). பள்ளி மாணவி, மெக்கானிக் முருகன், ஊரை விட்டு ஓட்டம், கடைசியில் மனம் பேதலித்து சிக்னலில் நிற்கிற அவன். பையன்கள் முருகனுக்காக அழுதார்கள். "அவளுக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தனும் கேக்கலையே, பரீட்சை எழுதினாளா இல்லையா?" என்று ஒரு படிவம் நான்கு பெண் கேட்டதும், அழுதுகொண்டிருந்த பையன்கள் முழித்தார்கள். அன்றைய பேச்சு முழுக்க அந்தப் பெண்ணைப் பற்றித்தான். படிப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றபடி, இளமைத் தப்புகளை எச்சரிக்கிறேன் பேர்வழி என்று இரண்டு மணிநேரம் அந்தத் தப்பையே ஆசையாகக் காட்டிவிட்டுக் கடைசிப் பத்து நிமிஷம் புத்தி சொல்கிற படங்கள் நம்மிடம் ஏராளம். அவற்றை நான் போடுவதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக, அம்மாக்களோடு, ஒரு காட்சி வைப்பேன். இதற்கு அருமையான படம் பிக்ஸாரின் 'டர்னிங் ரெட்' (2022). கார்ட்டூன்தானே என்று அம்மாக்கள் நம்பி வருவார்கள். 2002இல் டொராண்டோவில் வாழும் பதின்மூன்று வயது மெய் லீ, உணர்ச்சி பொங்கினால் பெரிய சிவப்புப் பாண்டாவாக மாறிவிடுகிறாள். ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. கட்டிலுக்கு அடியில் மகள் ஒளித்து வைத்திருந்த நோட்டை அம்மா எடுத்துவிடுகிறாள். உள்ளே கடையில் வேலை பார்க்கிற பையனின் படம், கனவில் வருகிற மாதிரி. அம்மா நேராக மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தக் கடைக்கே போய், எல்லார் முன்னாலும் நோட்டை விரித்துக் காட்டி அவனைத் திட்டுகிறாள். எங்கள் ஹாலில் பெண்கள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அம்மாக்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒரு அம்மா, "இதுல என்ன தப்பு? பெத்தவ கேக்கத்தானே செய்வா" என்றார். "கேக்கலாம்மா. கடையில போயா?" என்றாள் இன்னொருவரின் மகள். அந்த அம்மாவின் சொந்த மகள் வாயே திறக்கவில்லை. திறக்கவும் தேவையில்லை, அவளுக்காக இன்னொருத்தி கேட்டுவிட்டாள். கூட்டமாகப் பார்ப்பதில் உள்ள லாபம் இதுதான். தனியாக அம்மாவும் மகளும் பார்த்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

பேச்சு அப்படியே வயதுக்கு வந்த சடங்குக்குப் போனது. நம் வீடுகளில் இன்னும் மண்டபம் பிடித்து, பேனர் அடித்து, கேக் வெட்டிச் செய்கிறோமே. ஒரு பெண் சொன்னாள்: "அவ பாண்டாவா மாறினாத்தான் ஊருக்குத் தெரியுது. எனக்கு மண்டப வாசல்லயே போட்டோ போட்டு பேனர் வச்சாங்க, என் பள்ளி பஸ் ஓட்டுற அங்கிளுக்கும் தெரியும்." சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. சடங்கு வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. ஒரு அம்மா மட்டும் தன் சின்ன மகளிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் மண்டபம் பார்ப்பேன் என்றார். எனக்கு அது போதும்.

இதே விஷயத்தை நம் நாட்டிலேயே எடுத்த படம் அமண்டா நெல் யூவின் 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்'. 2023இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் முதல் பரிசு வாங்கியது. வகுப்பில் முதலில் வயதுக்கு வருகிற பன்னிரண்டு வயது ஸஃபான், தோழிகளே அவளை அருவருப்பாகப் பார்ப்பது, அவள் உடம்பு புலியாக மாறுவது. இங்கே திரையரங்கில் வெட்டப்பட்டுத்தான் ஓடியது, அது தன் படமே அல்ல என்று இயக்குநர் அறிவித்துவிட்டார். கொஞ்சம் பயமுறுத்தும் படம், பெரிய பெண்களுக்குத்தான் சொல்வேன். தோழிகள் எப்படிக் கூட்டு சேர்ந்து ஒருத்தியை ஒதுக்குகிறார்கள் என்பதை இவ்வளவு உள்ளபடி காட்டிய வேறு படம் நான் பார்க்கவில்லை.

போ பர்னம் இயக்கிய 'எய்த் கிரேட்' (2018) பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். கெய்லா என்ற பதின்மூன்று வயதுப் பெண், பள்ளியில் யாரோடும் பேசாதவள், தன் அறையில் உட்கார்ந்து தன்னம்பிக்கை பற்றி வீடியோ போடுகிறாள், பார்ப்பார் இல்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணின் கதைக்கு அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ், அதாவது பதினேழு வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணை வேண்டும். கார் பின்சீட்டில் ஒரு பெரிய பையன் அவளை நெருக்குகிற காட்சி உண்டு. எதுவும் நடப்பதில்லை, ஆனாலும் பார்க்கிற நமக்கு மூச்சு முட்டும். படிவம் நான்குக்கு மேல் உள்ள பெண்களுக்கும் பையன்களுக்கும் காட்டினேன். பையன்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தப் பையன் கடைசியில் தான்தான் பாதிக்கப்பட்டவன் மாதிரிப் பேசுவான், அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு, அப்பாவும் மகளும் இரவில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேசுகிற இடம் வரும். நான் உங்களை வருத்தப்பட வைக்கிறேனா என்று மகள் கேட்கிறாள். அப்பா அழகாகப் பேசத் தெரியாதவர், தட்டுத் தடுமாறித்தான் பதில் சொல்கிறார். அப்பாக்கள் இதையாவது பாருங்கள்.

சான்றிதழ் என்றதும் இன்னொன்று. நம் தணிக்கை வாரியத்தின் 12, 13, 16, 18 என்ற வயது வரம்புகள் ஒரு தொடக்கம்தான், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். முழுப் படத்தையும் முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள், முன்னோட்டம் போதாது. பிறகு பெற்றோர் வாட்சாப்பில் படத்தின் பெயரையும், அதில் அடிதடி, குடி, முத்தம், தற்கொலை எது இருந்தாலும் அதையும் வெளிப்படையாகப் போட்டுவிடுங்கள். வேண்டாம் என்கிறவர்களை வற்புறுத்த வேண்டாம். தற்கொலை வருகிற படத்தை இரவில் போட்டுவிட்டுப் பிள்ளைகளை அப்படியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பகலில் போடுங்கள், பேச நேரம் இருக்கட்டும்.

போனைக் கேட்டு வாங்குவது பெரும் போராட்டம். நானும் என் போனை அதே பிஸ்கட் டின்னில் போட்டபிறகு முணுமுணுப்பு குறைந்தது. வசன வரிகளை மலாயில் வைப்பேன், காசில்லாத மொழிப்பாடம். தமிழ்ப்பள்ளி முடித்து, படிவம் ஒன்றுக்கு முன் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இது நல்ல உதவி. கூடவே இன்னொன்றும் கவனித்தேன். அந்தப் பிள்ளைகள் வகுப்புத் தோழர்களைவிட ஒரு வயது மூத்தவர்கள், ஒரு வருடம் பிந்தியவர்கள் என்ற பெயரோடு படிவம் ஒன்றுக்குள் வருகிறவர்கள். படத்தில் யாராவது ஒதுக்கப்பட்டால் முதலில் அவன் பக்கம் பேசுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

'அவன்' என்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று 'நான்' என்று ஆரம்பித்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். படத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். மற்றவர்களைக் கடைக்கு ஐஸ் வாங்க அனுப்புங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், காப்பாற்ற முடியாமல் போகும். "இதை நான் ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பதுதான் நேர்மை. அடிபடுகிறது, யாரோ தொடுகிறார்கள், சாகத் தோன்றுகிறது என்ற அளவுக்குப் போனால் அது நம் கையில் வைத்துக்கொள்கிற விஷயமே கிடையாது. பள்ளி ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். இரவு எந்நேரமும் அழைக்கலாம் என்றால் தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி எண் 15999. அந்த எண்ணை எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன், தண்ணீர் குடிக்கப் போகிற எல்லாப் பிள்ளைக்கும் கண்ணில் படும்.

அப்படி இல்லாத சாதாரணப் பேச்சைப் பெற்றோரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை என்பது இன்னொரு கட்டுப்பாடு. இதில் சங்கடம் உண்டு. கிரில் கதவோரம் நின்று 'ஜகாட்' பார்த்தாரே, அவர் ஒருநாள் போன் செய்தார். "டீச்சர், வீட்டுல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான். உங்ககிட்ட நல்லா பேசுறானாமே. என்ன சொல்றான்?"

"படத்தைப் பத்தித்தான் பேசுறான் அண்ணே" என்றேன். உண்மையும் அதுதான். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சரி, நீங்களும் அவனும் அந்தப் பிரெஞ்சுப் படத்தைப் பாருங்கள், முடிந்ததும் அறிவுரை வேண்டாம், டைப்ரைட்டரைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். அந்துவான் அப்பாவின் ஆபீசிலிருந்து ஒரு டைப்ரைட்டரைத் திருடுவான். விற்க முடியாமல் திருப்பிக் கொண்டுபோய் வைக்கும்போதுதான் மாட்டிக்கொள்வான். அப்பாவே அவனைப் போலீசில் ஒப்படைப்பார்.

அடுத்த வாரம் மறுபடி போன். பின்னால் பையனின் குரல் ஏதோ கத்திக்கொண்டிருந்தது. "டீச்சர், நீங்களே சொல்லுங்க. திருப்பி வைக்க வந்தவனைப் பிடிச்சது அநியாயம்னு ராத்திரியிலிருந்து சண்டை போடுறான். எடுத்ததே தப்புதானே? போலீஸுக்குக் கூட்டிட்டுப் போனது சரிதானே?"

"நான் உங்க மகன் பக்கம் அண்ணே."

"நீங்களுமா!" என்றவர், போனை வைக்காமலே உள்ளே திரும்பி, "டேய், டீச்சருக்கும் விவரம் பத்தல, நீ இங்க வா, நான் சொல்றேன்" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்.